வேல் செதுக்கிய கைப்பிடி

சரவணா,

உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். பர்மிய எழுத்தில் எழுதினால் டீ குடித்துக்கொண்டே கண்ணை ஓட்டிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். கூட்டு. த்வாண்டேயில் சிநேகிதனுடைய பானைச் சூளைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு இப்போது வேறென்ன வேலை? இந்தக் கவரை நான் ஒட்டவும் இல்லை. கொண்டுவருகிறவன் படிக்கட்டும், சூளைக்காரன் படிக்கட்டும். உன் பெண்டாட்டி சுசுவுக்கு ஏற்கெனவே வாசித்துக் காட்டிவிட்டேன். அவள் அழவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

"அம்மா, யார் கேட்டாலும் நான் மண்டலே போயிருக்கேன்னு சொல்லிடுங்க" என்று போனில் குரல் அனுப்பியிருந்தாய். பின்னால் வாத்துச் சத்தம் கேட்டது. ஒளிந்துகொள்கிறவன் வாத்தை விரட்டிவிட்டாவது பேசக்கூடாதா? இரண்டாவது முறை கேட்டபோதுதான் கவனித்தேன், அதில் 'எப்படி இருக்கீங்க' என்று ஒரு வார்த்தை இல்லை. கோ துன் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை இல்லை. குண்டடிபட்டுக் கிடக்கிறவனின் பெயர் கோ துன். தாகேதாவில் சைக்கா மிதித்து, ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். உனக்குப் பெயர் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும் என்பாய். நீ உனக்குச் சொல்லிக்கொள்கிற விதத்தில் தெரியும். நான் பார்த்த விதத்தில் ஒரு தடவை கேள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால்தான் அந்தச் சனியனை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். நீ மணலும் ஜல்லியும் ஏற்றிக் கொடுக்கிறாயே அந்தப் பெரிய முதலாளி, அவர் சிபாரிசு செய்து உன் பெயருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்தார். இடுப்பில் அடங்குகிற சின்னக் கைத்துப்பாக்கி. "காலம் கெட்டுக் கிடக்கும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றாய். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பது எனக்கும் தெரியும். மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்து இஸ்திரி போடுகிற தையல்காரி நான், எனக்கா தெரியாது? பாதுகாப்புக்கு வாங்கினவன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பான். நீ அதற்கு நகை செய்து போட ஆரம்பித்தாய்.

முதலில் அதன் ரப்பர் பிடி உனக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கை வேர்க்கிறது என்றாய். சொரசொரப்பாக ஒரு உறை வரவழைத்து மாட்டினாய். அப்புறம் சுண்டு விரலுக்கு இடமில்லை என்று ஒரு கவலை. துப்பாக்கி சின்னது, பிடி குட்டை, மூன்று விரல்தான் பிடிக்க முடிகிறது, நாலாவது அந்தரத்தில் தொங்குகிறது என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கும் சுசுவுக்கும் கையை மடக்கி மடக்கிக் காட்டினாய். அந்தச் சமயம் சுசுவுக்குக் கரு கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொன்னபோது உனக்கு நேரமில்லை. ஆனால் தோட்டாக்கூட்டின் அடியில் சுண்டு விரல் வைக்க ஒரு துண்டு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் நகரமெல்லாம் சுற்றினாய். கிடைத்ததும் உன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையின் சந்தோஷத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் எழுந்து போனது அன்றைக்குத்தான்.

பிறகு மரப்பிடி. பிடாக் மரத்தில், செக்கச்செவேலென்று, இரண்டு பக்கமும் இரண்டு தகடு. செதுக்குகிற ஆளைக் கூட்டிவந்து நம் வீட்டில் என் வெட்டுமேஜையில் உட்காரவைத்தாய். மயில் போடலாமா என்று அந்த ஆள் கேட்டதும் உன் முகம் வெளுத்துப்போனது. "மயில் வேண்டாம், மயில் போட்டா இந்த ஊர்ல அது எதிர்க்கட்சிக் கொடின்னு ஆகும், எவனாவது பார்த்துட்டுப் போட்டுக் கொடுப்பான்" என்றாய். இடுப்பில் தோட்டா நிரப்பின துப்பாக்கி, ஆனால் மரத்தில் செதுக்கின மயிலுக்குப் பயம். சிரிப்பை அடக்க நான் நூல்கண்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். கடைசியில் வேல் போடச் சொன்னாய். சரவணன் என்று உனக்குப் பெயர் வைத்ததற்கு அந்த முருகன் அனுபவித்த தண்டனை அது. நாட்கணக்கில் உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தாய். என் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றித் துடைத்துத் துடைத்து மினுக்கினாய். அந்த எண்ணெய் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பட்டுத் துணியில் ஊறி, நான் அவர்கள் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் துணியில் மரத்தின் நிறம் நன்றாக எடுக்கிறதா என்று கேட்டிருப்பாய்.

சட்டை தைக்கச் சொன்னாயே, அது நினைவிருக்கிறதா? வலது இடுப்பில் கொஞ்சம் தளர்வாக விடச் சொன்னாய். துப்பாக்கி வெளியே தெரியக்கூடாது, அதுதான் சட்டம் என்றாய். அளவெடுத்து, அப்படியே தைத்துக் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப மறைஞ்சு போச்சும்மா, கை தூக்கினா லேசா அந்த மரம் தெரியணும்" என்றாய். தெரியக்கூடாது, ஆனால் தெரிய வேண்டும். எத்தனையோ விதமான கிறுக்கர்களுக்குத் தைத்திருக்கிறேன். தொப்பையை மறைக்கச் சொன்னவர்கள் உண்டு, கூனை மறைக்கச் சொன்னவர்கள் உண்டு. மறைப்பதுபோல் காட்டச் சொன்னவன் நீ ஒருவன்தான்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஊ லா கடைக்குப் போனாய். நம் தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கிற மனிதர், உனக்குப் பல் முளைக்காத காலத்திலிருந்து பிஸ்கட் நனைத்துக் கொடுத்தவர். உட்காரும்போது இடிக்கிறது என்று அதை எடுத்து மேஜைமேல் வைத்தாய், வேல் மேலே தெரியும்படி. பந்தயம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பின் மேஜையில் இரண்டு பேர் டீயைப் பாதியில் விட்டு எழுந்து போனார்கள். ஊ லா உனக்கு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினார். வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய் தெரியுமா? "இப்பத்தாம்மா நம்ம ஆளுங்களுக்கு இந்தத் தெருவுல மரியாதை வந்திருக்கு." அன்று சாயங்காலம் ஊ லா என்னை அக்கா முறை வைத்து மெதுவாகக் கேட்டார், "அமா, உங்க மகனுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?" மரியாதை என்று நீ வீட்டுக்கு எடுத்துவந்தது இதைத்தான்.

உன் அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் பயந்த மனிதர். படகு எஞ்சின் மெக்கானிக், கையெல்லாம் இரும்பு, ஆனால் இடி இடித்தால் கட்டிலைவிட்டு இறங்கமாட்டார். பல்லி விழுந்தால் என்னைக் கூப்பிடுவார். காக்கிச் சட்டையைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். அதையெல்லாம் அவர் மறைத்ததே இல்லை. "எனக்குப் பயமா இருக்குடி" என்று வாய்விட்டுச் சொல்வார். நாம் குடியிருந்த பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடிக்காரன் பெண்டாட்டியைப் போட்டு அடிப்பான். ஒருநாள் அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கட்டடமே கதவைச் சாத்திக்கொண்டது. உன் அப்பா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கியதை நான் மேலே இருந்து பார்த்தேன். கதவைத் தட்டி, "அண்ணே, கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" என்றார். அவன் முறைத்தான். இவர் நகரவில்லை. சர்க்கரை வந்தது. "உட்கார்ந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போகட்டுமாண்ணே?" என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அவன் தூங்கப் போகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. மேலே வந்து என் மடியில் தலைவைத்துப் படுத்தார், உடம்பு அனலாகக் கொதித்தது. பயப்படுவதில் கேவலம் ஒன்றும் இல்லை, சரவணா. பயத்துக்கு மெருகு போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதுதான் கேவலம்.

உன் புது வீட்டுப் பால்காய்ச்சு விஷயத்துக்கு வருகிறேன். ஐயர் வந்து போய், பால் பொங்கி, பாதி விருந்து முடிந்தபோது உன் முதலாளி வந்தார். நீ ஓடிப்போய் அவர் செருப்பைக் கழற்ற இடம் ஒதுக்கினாய். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உன் இடுப்பைப் பார்த்தார்.

"அது என்ன, புதுசா இருக்கு? காட்டு பார்க்கலாம்."

நீ எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாய். அவர் வாங்கி, கையில் ஏந்தி, விரல்களை அந்தப் பிடியில் படியவிட்டுப் பார்த்தார். சுண்டு விரலும் அழகாக உட்கார்ந்தது. நீ பட்ட பாடெல்லாம் அவர் விரலுக்குத்தான் அளவெடுத்தாற்போல் இருந்தது.

"உன் கைக்கு இது ஜாஸ்தி" என்றார். "கொஞ்ச நாள் நான் வச்சுப் பார்க்கிறேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உன் மாமனார் இருந்தார். கோயில்காரர்கள் இருந்தார்கள். நீ என்ன சொன்னாய்? "ஹொட்கேபா ஸயா" என்றாய். ஆகட்டும் ஐயா! சொன்னதோடு விட்டாயா? தோல் உறையையும் கழற்றிக் கொடுத்தாய். உள்ளே ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து தோட்டா டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்தாய். உன்னைக் காப்பாற்ற வாங்கின ஆயுதம் உன் கையில் தோட்டாவோடு இருக்கும்போதே, ஒரு மனிதன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனான். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைச் சுசு பார்த்தாள். அன்றிலிருந்து அவள் உன்னோடு பேசும்போது தரையைப் பார்த்தே பேசுகிறாள், கவனித்தாயோ என்னவோ.

அடுத்த வாரம் அவருடைய டிரைவர் ஒரு நைலான் பையைக் கொண்டுவந்தான். உள்ளே உன் மரத்தகடு இரண்டும். "ஸயா தந்தப்பிடி போட்டுக்கிட்டார். இந்தக் கலா சாமி வேலையெல்லாம் வேண்டாமாம், திருப்பிக் கொடுக்கச் சொன்னார்" என்றான். கலா என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன் காலத்திலிருந்து தெருவில் நம் முதுகுக்குப் பின்னால் காறித் துப்புகிற சொல். அதற்கும் சிரித்து, டிரைவருக்கு டீ கொடுக்கச் சொன்னாய். சாமியின் வேலைத் துப்பாக்கியில் ஒட்டினவன் நீ, அதைக் குப்பையாகத் திருப்பி அனுப்பினவன் அவர். உங்கள் இரண்டு பேரில் அவர்மேல் எனக்குக் கோபம், உன்மேல் அருவருப்பு. "உரிமம் உன் பேர்லதானேடா இருக்கு, போய் எழுதிக் கொடு, கைமாறிடுச்சுன்னு சொல்லு" என்று நானும் சுசுவும் தலையால் அடித்துக்கொண்டோம். "அவர்கிட்ட போய் அப்படியெல்லாம் பேச முடியாதும்மா, காண்ட்ராக்ட் போயிடும்" என்றாய்.

மீதியை நீயும் போனில்தான் கேட்டாய், நானும் போனில்தான் கேட்டேன். முதலாளியின் தங்கை மகன், காரில், தாகேதா பாலத்து இறக்கத்தில். கோ துன்னின் சைக்கா காரை உரசியிருக்கிறது. கண்ணாடியை இறக்கி, மாமனின் துப்பாக்கியை எடுத்துச் சுட்டிருக்கிறான் அந்தப் பிள்ளையாண்டான். கோ துன்னுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு சிதறிவிட்டது. சனங்கள் சூழ்ந்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். தந்தப்பிடியில் யார் பெயரும் இல்லை. இரும்பில் எண் இருந்தது. எண் உன் பெயரைச் சொன்னது.

அன்றைக்கே முதலாளி உன்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு நீ பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "நீதான் வச்சிருந்தே, கை தவறி வெடிச்சதுன்னு சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன். அதுவரைக்கும் கொஞ்சம் ஒதுங்கியிரு." அதற்கும் "ஹொட்கேபா ஸயா". விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு படகேறிவிட்டாய்.

நீ போன பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுசுவும் வந்தாள். கோ துன் சுவரோரக் கட்டிலில் கிடந்தான். உன் வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவன் பெண்டாட்டி விசிறிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் விசிறி நின்றுவிட்டது. அவன்தான் என்னை அத்தை முறை வைத்துப் பேசினான்.

"அடோ, உங்க மகனை எனக்குத் தெரியவே தெரியாதே. அவர்தான் என்னைச் சுட்டார்னு ஏன் சொல்றாங்க?"

"அவன் சுடலைப்பா" என்றேன். "அதுக்குக்கூடத் தைரியம் கிடையாது அவனுக்கு. வாங்கினான், அலங்காரம் பண்ணினான், கேட்டவங்களுக்குக் கொடுத்துட்டான்."

"கார்ல இருந்த பையனை நான் பார்த்தேன், அடோ. காதுல கடுக்கன் போட்ட பையன். ஆனா சுட்டது உங்க மகன்னு எழுதிட்டு வந்து என்னைக் கைரேகை வைக்கச் சொல்றாங்க. இல்லைன்னு சொன்னா யார் எனக்குத் துணைக்கு நிப்பாங்க?"

அவன் இன்னும் வைக்கவில்லை, சரவணா. காலும் சிதைந்து, சைக்காவும் நொறுங்கி, பெண்டாட்டி பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறபோது, தன்னைச் சுட்டது நீ இல்லை என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறான். உன்னைத் தெரியாத மனிதன். நீயோ நான்தான் சுட்டேன் என்று சொல்லத் தயாராகப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். அவனுடைய கட்டைவிரலில் இருக்கிற ஆண்மை உன் முழு உடம்பிலும் இல்லை.

அதற்கப்புறம் நானும் சுசுவும் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய், பால்காய்ச்சு அன்று துப்பாக்கி யார் கைக்குப் போனது என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டோம். என் பெயரைச் சொன்னேன், முதலாளியின் பெயரைச் சொன்னேன், அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதுவரை சொன்னேன். பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். ஊ லா தானாகவே வந்து, துப்பாக்கி உன்னிடம் இருந்தபோது அதில் தந்தம் இல்லை, மரப்பிடிதான் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ யார் முன்னால் அதை மேஜைமேல் வைத்தாயோ அந்த மனிதர். உன் மாமனாரும் கோயில்காரர்களும் அன்றைக்கு எதையும் பார்க்கவில்லையாம். விருந்தில் பாயசம் நன்றாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறதாம். உனக்கு ஏற்ற கூட்டம்.

முதலாளியும் எனக்குப் போன் செய்தார். "அமா, உங்க மகனே ஒத்துக்கிட்டான், நீங்க ஏன் நடுவுல வர்றீங்க? வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். குரல் தேன்போல இருந்தது. "அவன் எதுக்கு வேணா ஒத்துக்குவான் ஸயா" என்றேன். "நான் அவனைப் பெத்தவ. அவன் ஒத்துக்கிட்டதை எல்லாம் உண்மைன்னு நம்பறதை எப்பவோ விட்டுட்டேன்." அவர் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து ஒரு கார் நம் வாசலுக்கு எதிரே நிற்கிறது. நிற்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தைக்கிறேன்.

வக்கீல் சொல்கிறார், நாங்கள் எத்தனை பேர் சொன்னாலும் உரிமம் வைத்திருக்கிறவன் வந்து சொன்னால்தான் நிற்குமாம். வந்தால் உனக்கும் தண்டனை உண்டு, துப்பாக்கியைக் கைமாற்றியதற்கு. உண்டு. அதை மறைத்து உன்னை ஏமாற்றி அழைக்கமாட்டேன். காண்ட்ராக்ட் போகும், புது வீடு போகலாம், ஜெயிலுக்கும் போவாய். வராவிட்டால் சூளைக்குப் பின்னால் சௌகரியமாக இருப்பாய், முதலாளி கூப்பிடும்போது வந்து அவர் சொன்னதைச் சொல்வாய், உன்னைப் போன்றவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. ஆனால் என் வீட்டில் இல்லை. சுசு என்ன முடிவு செய்திருக்கிறாள் என்பதை அவளே சொல்லட்டும். பயந்துகொண்டே வா. பயந்துகொண்டு வருகிறவனை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சிரித்துக்கொண்டு மட்டும் வந்துவிடாதே.

கோ துன்னுக்குக் காலையில் கட்டு மாற்றுகிறார்கள். மாற்றும்போது அந்தக் காலை ஒருவர் அசையாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். அவன் பெண்டாட்டிக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. இன்றைக்கு நான் தாங்கினேன். அவன் கத்தவில்லை, என் தோளைக் கடித்துக்கொண்டான். எனக்கு வயதாகிவிட்டது, பாதியிலேயே கை ஓய்ந்துபோகிறது. தலா படகுத்துறையில் முதல் படகில் ஏறினால் கட்டு அவிழ்க்கிற நேரத்துக்கு நீ வந்துவிடலாம்.

அம்மா